எதிராளி அசந்த நேரம்: உடனே அடிப்பதா, காத்திருப்பதா, இன்னொருவனை ஏவுவதா, அவனிடமே சொல்வதா?

எதிராளியின் மதிலில் ஒரு கட்டம் அடைபடாமல் கிடக்கிறது, அவன் அதைக் கவனிக்கவில்லை, உங்களிடம் மூன்று ஸ்கவுட் குதிரை சும்மா நிற்கிறது. ஊர் கட்டிப் படை சேர்த்து மோதுகிற கணினி விளையாட்டான ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 விளையாடுகிற யாரைக் கேட்டாலும் "இதென்ன கேள்வி, உள்ளுக்குப் போய் அடி" என்பார்கள். ஆனால் நாலு பேர் ஆளுக்கு ஆள் மோதுகிற ஆட்டத்தில் அப்படி உள்ளே போய் அடித்தவன் கடைசியில் வென்றதை நான் அதிகம் பார்த்ததில்லை, அவன் அடித்த அடியில் மூன்றாவது ஆள்தான் கொழுத்திருப்பான். ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் கதை நேர்மாறு. அங்கே "இன்னும் கொஞ்சம் படை சேர்த்துக்கொண்டு போவம்" என்று இருந்தவன்தான் தலையில் கை வைத்துக்கொண்டு எழும்புவான்.

எங்கள் கொழும்பு வட்டத்தில் சனி இரவு ஆட்டம் முடிந்ததும் வட்ஸ்அப்பில் ஓடுகிற சண்டை எப்போதும் இதுதான். வெள்ளவத்தை அண்ணா ஒருவர், கொட்டாஞ்சேனைக்காரன், தெஹிவளைக்காரன், நான். நாலு பேருக்கும் நாலு கட்சி. ஆகவே எந்த வழி எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்பதை ஒருதரம் வடிவாக எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

கணக்கெல்லாம் 2019இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனை வைத்து. நேரம் சொல்லும்போது கேம் கடிகார நேரத்தையே சொல்கிறேன். பலர் சேர்ந்து ஆடும்போது வழக்கமான வேகம் 1.7 மடங்கு, அதாவது கேமில் ஒரு நிமிடம் என்றால் நம் சுவர்க் கடிகாரத்தில் ஏறத்தாழ 35 விநாடி.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, ஓட்டை எவ்வளவு நேரம் திறந்திருக்கும். மதிலில் விட்ட கட்டம் ஒரு வீட்டைக் கட்டினால் அடைபட்டுவிடும், வீட்டுக்கு 25 மரம், அவ்வளவுதான். ஆனால் ஒருவன் படைக்குக் கவச மேம்பாடு எதுவுமே செய்யாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்றால் அந்தக் குறை ஒரு கிளிக்கில் தீராது.

இரண்டாவது, அடித்தால் அவன் எவ்வளவு விழிப்பான். இதைத்தான் ஆட்கள் கணக்கில் எடுப்பதில்லை. தூங்குகிறவனை ஒருதரம் தட்டிவிட்டால் அந்த ஓட்டையை மட்டுமா அடைப்பான்? ஸ்பியர்மேன் (ஈட்டிக்காரன்) விடுவான், டவர் கட்டுவான், அதுவரை மறந்திருந்த எல்லாம் அவனுக்கு ஞாபகம் வரும்.

மூன்றாவது, உங்கள் சொந்தக் கவனம். அவன் பிழை விட்டதே கவனம் பற்றாமல்தான், இந்த ஆட்டத்தில் உணவு, மரம், தங்கம், கல் எல்லாவற்றையும்விடத் தட்டுப்பாடான பொருள் அதுதான். மூன்று குதிரையை எதிராளியின் ஊருக்குள் ஓட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் உங்கள் டவுன் சென்டரில் (ஊரின் நடுக் கட்டடம்) வில்லேஜர் (வேலையாள்) வரிசை தீர்ந்து போயிருக்கும், வீடு பற்றாமல் உற்பத்தி நின்றிருக்கும், உங்கள் மதிலிலும் ஒரு கட்டம் திறந்து கிடக்கலாம். அவனுடைய கவனக்குறைவைப் பிடிக்கப் போய் அதே கவனக்குறைவுக்குள் நீங்கள் விழுவது சர்வ சாதாரணம்.

நாலாவது, மேசையில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள். ஐந்தாவது, அடுத்த கிழமையும் இதே முகங்களோடுதான் விளையாடப் போகிறீர்களா.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை: அது பிழையா, தூண்டிலா? திறந்த கேட்டுக்குப் பக்கத்தில் படையை ஒளித்து வைத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கொட்டாஞ்சேனைக்காரன் அதில் கெட்டிக்காரன். மூன்றையும் ஒரேயடியாக அனுப்பாமல் ஒரு குதிரையை மட்டும் உள்ளே ஓட்டிப் பாருங்கள். திரையின் ஓரத்தில் ஓடும் ஸ்கோரையும் பாருங்கள். எல்லாருடைய ஸ்கோரும் ஏற, ஒருவனுடையது மட்டும் அசையாமல் நின்றால் அவன் உண்மையிலேயே அசந்திருக்கிறான், அல்லது எழும்பிப் போயிருக்கிறான்.

## வழி ஒன்று: உடனே அடிப்பது

ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில், ஃபியூடல் ஏஜில் (ஆட்டத்தின் இரண்டாம் யுகம்), என் தீர்ப்பு இதுதான்: கையில் இருப்பதை வைத்துக்கொண்டு இப்போதே போங்கள். மூன்று ஸ்கவுட்டுக்கு ஏற்கனவே 240 உணவு செலவழித்தாயிற்று, அவை நின்றாலும் போனாலும் அந்தச் செலவு திரும்பப் போவதில்லை.

கிடைப்பது என்ன? ஒரு வில்லேஜர் 50 உணவு, உருவாக 25 விநாடி. மூன்று வில்லேஜரை விழுத்தினால் அவனுக்கு 150 உணவு நட்டம் என்று மட்டும் பார்க்கக்கூடாது, டவுன் சென்டரின் 75 விநாடி போய்விட்டது, அந்த 75 விநாடியை எந்தத் தங்கம் கொடுத்தும் வாங்க முடியாது. அதைவிட, பலர் குதிரையைக் கண்டதும் பயந்து டவுன் பெல்லை (வில்லேஜர்களைக் கட்டடத்துக்குள் ஓடவைக்கும் மணி) அடித்துவிடுவார்கள். டவுன் சென்டருக்குள் 15 பேர் போகலாம். அந்த 15 பேரும் 20 விநாடி உள்ளே இருந்தால் 300 வில்லேஜர்-விநாடி, அதாவது ஒரு வில்லேஜர் ஐந்து நிமிடம் செய்கிற வேலை, நீங்கள் ஒருவரையும் கொல்லாமலே காற்றோடு போய்விட்டது. வெளியே வந்தபிறகு யார் மரத்துக்கு, யார் வயலுக்கு என்று அவன் தடுமாறுகிற நேரம் தனி.

அடிப்பதற்கு முன் ஒரு வில்லேஜரைக் கிளிக் பண்ணிப் பாருங்கள். உயிர் 25 என்று இருந்தால் அவன் லூம் (வில்லேஜரின் உயிரைக் கூட்டும் மேம்பாடு) செய்யவில்லை, ஆள் சீக்கிரம் விழுவான். 40 என்று இருந்தால் லூம் செய்திருக்கிறான், அப்போது டவுன் சென்டருக்குப் பக்கத்தில் நிற்பவனைத் துரத்தாமல் தூரத்தில் மரம் வெட்டுகிற அல்லது தங்கம் தோண்டுகிற ஆளைப் பிடிப்பதுதான் வேலைக்காகும்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, ஸ்பியர்மேன். அவனிடம் பாரக்ஸ் (காலாட்படைக் கூடம்) இருந்தால் 35 உணவும் 25 மரமும் போட்டு ஒன்றை இறக்குவான், குதிரைக்கு எதிராக அதற்குக் கூடுதல் அடி உண்டு, உங்கள் 80 உணவுக் குதிரை அதோடு மோதினால் தோற்றுவிடும். ஸ்பியர்மேன் கண்ணில் பட்டவுடன் வெளியேறிவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு வில்லேஜர்" என்ற ஆசையில்தான் மூன்று குதிரையும் போகும். இரண்டாவது செலவு உங்கள் கவனம், மேலே சொன்னதுதான். இதற்கு நடைமுறை வழி ஒன்று உண்டு: உள்ளே போகுமுன் ஊரில் நாலு வில்லேஜரை வரிசையில் போட்டுவிட்டு, ஒரு வீட்டையும் கட்டச் சொல்லிவிட்டுப் போங்கள். ஐந்து விநாடி பிந்தினாலும் பரவாயில்லை.

இந்த வழி எப்போது பிழையாகும்? எதிராளியின் பிழை சின்னதாகவும் உங்கள் படை அதைவிடச் சின்னதாகவும் இருக்கும்போது. ஒற்றைக் குதிரையால் லூம் செய்த வில்லேஜரைச் சுற்றிக்கொண்டு நிற்பது அவனுக்கு விழிப்பு, உங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு.

## வழி இரண்டு: காத்திருந்து பெரிதாக அடிப்பது

இதில்தான் ஆட்கள் அதிகம் மயங்குகிறார்கள், ஏனென்றால் கேட்க அழகாக இருக்கும். ஓட்டையைக் கண்டுபிடித்தாயிற்று, சத்தம் போடாமல் அடுத்த யுகமான காசில் ஏஜுக்குப் போய் ஆறு நைட்டோடு (கனமான குதிரைவீரன்) வந்து ஊரையே துடைப்போம் என்ற திட்டம்.

கணக்குப் பார்ப்போம். காசில் ஏஜுக்கு 800 உணவும் 200 தங்கமும், ஏற 160 விநாடி. அதற்குப் பிறகு நைட் ஒன்றுக்கு 60 உணவு, 75 தங்கம், 30 விநாடி. ஆறு நைட் என்றால் 360 உணவு, 450 தங்கம். ஏஜ் மாறத் தொடங்கிய கணத்திலிருந்து முதல் நைட் வெளியே வரவே 190 விநாடி. அதற்குள் அவனுடைய ஒரு டவுன் சென்டர் மட்டும் ஏழு வில்லேஜரை இறக்கியிருக்கும், அந்த ஏழில் ஒருவன் அந்த ஓட்டைப் பக்கம் மரம் வெட்டப் போய் எசமானுடைய கண்ணை அங்கே திருப்பிவிட்டால் முடிந்தது. 25 மரத்தால் அடைபடக்கூடிய ஓட்டையை நம்பி இவ்வளவு பெரிய திட்டம் போடுவதற்குத் துணிச்சல் வேண்டும், எனக்கில்லை. வரப்போகிற பலாக்காயைவிடக் கையிலிருக்கிற களாக்காய் மேல்.

ஆனால் பிழை வேறு வகையாக இருந்தால் காத்திருப்பதுதான் சரி. டீம் ஆட்டத்தின் பின்பகுதியில் வரைபடத்தில் தங்கம் தீர்ந்துவிடும், பிறகு எல்லாரும் ட்ரேட் கார்ட்டை (தங்கம் கொண்டுவரும் வணிக வண்டி) நம்பித்தான். ஒரு கார்ட் 100 மரம், 50 தங்கம். எதிரணிக்காரன் பாதையில் ஒரு டவர்கூடக் கட்டாமல் கார்ட் கார்ட்டாக விட்டுக்கொண்டிருக்கிறான், அவன் கண்ணெல்லாம் முன்வரிசைச் சண்டையில். ஐந்து கார்ட் ஓடும்போது போய் அடித்தால் ஐந்து கார்ட்தான் போகும், உடனே மதில், கோட்டை எல்லாம் எழும்பும். இருபது கார்ட் ஓடும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் 2000 மரம், 1000 தங்கம் ஒரே சுற்றில் போகும், அதைவிடப் பெரிது, தங்கம் வருகிற வழியே அடைபடும். இதற்கு ஹுசார் (இலகுக் குதிரைவீரன்) போதும், அதற்குத் தங்கமே தேவையில்லை, உணவு மட்டும்தான்.

வித்தியாசம் என்ன என்று கேட்டால்: மதில் ஓட்டை நேரம் போகப் போகச் சுருங்குகிற பிழை, காவலில்லாத வணிகப் பாதை நேரம் போகப் போக வளர்கிற பிழை. வளர்கிறதை வளரவிடுங்கள்.

காத்திருப்பதன் மறைமுகச் செலவு, நீங்கள் அந்த ஓட்டையை மனதில் வைத்துக்கொண்டே விளையாடுவது. பத்து விநாடிக்கு ஒருதரம் "இன்னும் திறந்துதான் இருக்கா" என்று போய்ப் பார்க்கிற கை, வேறு வேலை செய்யாது.

## வழி மூன்று: இன்னொருவனை ஏவிவிடுவது

இருவர் ஆட்டத்தில் இந்த வழியே இல்லை. நாலு பேர் ஆளுக்கு ஆள் ஆடும்போது, வெளிப்படையாகச் சொல்கிறேன், பெரும்பாலும் இதுதான் சிறந்த வழி, ஆனால் கையாளத் தெரிய வேண்டும்.

ஒரு நிலைமையைப் பாருங்கள். கொட்டாஞ்சேனைக்காரன் முழுப்படையையும் தெஹிவளைக்காரன் மேல் இறக்கிவிட்டான், அவனுடைய சொந்த ஊரில் தங்கம் தோண்டுகிறவர்களைத் தவிர ஒரு ஆளில்லை. உங்கள் படை பக்கத்தில் நிற்கிறது. நீங்கள் அடித்தால் என்ன நடக்கும்? கொட்டாஞ்சேனைப் படை திரும்பி உங்களிடம் வரும், தெஹிவளைக்காரன் மூச்சு விடுவான், இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வெள்ளவத்தை அண்ணா மூன்றாவது டவுன் சென்டர் கட்டுவார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இந்த ஆட்டத்துக்கே சொன்ன மாதிரி.

மாறாக, தெஹிவளைக்காரனுக்கு மட்டும் போகிற மாதிரி ஒரு வரி: "மச்சான், அவன்ட தங்கத்தில ஒரு காவலும் இல்ல, பின்பக்கத்தால போ." உங்களுக்குச் செலவு ஒரு வரி டைப் பண்ணுவது. ஒரு குதிரையையும் நகர்த்தவில்லை, உங்கள் ஊரிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. கவனம்தான் தட்டுப்பாடான பொருள் என்றால் இதைவிட மலிவான அடி கிடையாது. அடிபடுகிறவனுக்கும் திருப்பி அடிக்கச் சொந்தக் காரணம் இருக்கிறது, ஆகவே அவன் உங்கள் பேச்சை நம்பவும் செய்வான்.

சிலர் இதோடு நிற்காமல் உணவும் மரமும் அனுப்பி உதவுவார்கள். அனுப்ப மார்க்கெட் வேண்டும், தொடக்கத்தில் 30 சதவீதம் வரியும் போகும், 100 உணவு போய்ச் சேர 130 கையை விட்டுப் போகும். அவ்வளவுக்கு இறங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இனி விலை. நீங்கள் தகவல் சொன்ன கணத்தில், கொட்டாஞ்சேனை ஊருக்குள் உங்களுக்குக் கண் இருக்கிறது என்று தெஹிவளைக்காரனுக்குத் தெரிந்துவிட்டது, என்னுடைய ஊருக்குள்ளும் இருக்குமோ என்று அவன் யோசிக்கத் தொடங்குவான். அடித்து வென்றால் அவன் உங்களைவிடப் பெரிய ஆளாகவும் வரலாம், ஆகவே ஏவிவிடுகிற ஆள் எப்போதும் உங்களைவிடப் பின்தங்கியவனாக இருக்க வேண்டும், ஸ்கோரில் முதலாவதாக நிற்கிறவனிடம் ஒருபோதும் இதைச் சொல்லாதீர்கள். பிறகு, ஆட்டம் முடிந்ததும் வட்ஸ்அப்பில் எல்லாம் வெளியே வரும். ஒருதரம் இரண்டுதரம் என்றால் "கள்ளன்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். கிழமைக்குக் கிழமை செய்தால், ஆட்டம் தொடங்கமுதலே மூன்று பேரும் சேர்ந்து உங்கள் பக்கம் திரும்புவார்கள், அந்த நேரம் நீங்கள் உண்மையையே சொன்னாலும் எடுபடாது.

## வழி நாலு: அவனிடமே சொல்வது

கேட்டதும் பலருக்குச் சிரிப்பு வரும். புதிதாக விளையாட வந்த தம்பிக்கு "உன்ட மதில் திறந்து கிடக்கு" என்று சொல்லிக்கொடுப்பது நல்ல மனது, அதில் ஒப்பிட ஒன்றுமில்லை, அதை விடுவோம்.

நான் சொல்வது சுயநலத்துக்காகச் சொல்வதை. அசந்திருக்கிறவனுடைய ஊர் உங்களுக்கும் பலசாலிக்கும் நடுவில் இருந்தால், அவன் விழுந்த மறுகணம் பலசாலியின் அடுத்த வாசல் நீங்கள்தான். அவனுடைய ஓட்டை உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பே இல்லை, அது உங்கள் மதிலில் இருக்கிற ஓட்டை. அப்படிப்பட்ட நேரம் "மேற்குப் பக்கம் கேட்டைப் பூட்டு" என்று ஒரு வரி போட்டுவிட்டு, பதிலுக்குப் பத்து நிமிடம் ஒருவரை ஒருவர் தொடுவதில்லை என்று பேசிக்கொள்ளலாம். கேட் விஷயம் பலருக்குத் தெரியாது: சொந்த ஆள் கிட்டப் போனால் கேட் தானாகத் திறக்கும், அந்த இடைவெளியில் எதிரிக் குதிரையும் நுழைந்துவிடும், பூட்டி வைத்தால்தான் தப்பலாம்.

விலை, வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றுகிற எண்ணம் இல்லையென்றால் இந்த வழிக்குப் போகாதீர்கள், பேசாமல் வழி ஒன்றுக்கே போங்கள், அது குறைந்தபட்சம் நேர்மையான அடி.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | உடனே அடி | காத்திரு | ஏவிவிடு | சொல்லிவிடு |
|---|---|---|---|---|
| பொருந்தும் பிழை | சுருங்குவது: மதில் ஓட்டை, காவலில்லா வில்லேஜர் | வளர்வது: வணிகப் பாதை, மேம்பாடில்லாப் படை | படை வெளியே போன ஊர் | நமக்கு அரணாக நிற்பவனின் பிழை |
| அவன் விழிப்பு | உடனே, முழுதாக | அடிக்கும்வரை இல்லை | விழிப்பான், கோபம் வேறொருவன் மேல் | நாமே எழுப்புகிறோம் |
| நம் கவனச் செலவு | அதிகம் | நடுத்தரம், ஆனால் நீளும் | மிகக் குறைவு | குறைவு |
| இருவர் ஆட்டம் | சிறந்தது | அரிதாக | இல்லை | பழக்கும்போது மட்டும் |
| நால்வர் ஆட்டம் | கவனம் | நல்லது | பெரும்பாலும் சிறந்தது | எல்லை பார்த்து |
| அடுத்த கிழமை | மனக்கசப்பு இல்லை | "பாம்பு" என்பார்கள் | நம்பிக்கை தேயும் | நல்ல பெயர் |

## சிவிலைசேஷன் 6 ஆடுகிறவர்களுக்கு

இரண்டே வரி. முறை முறையாக ஆடுகிற டேர்ன் முறையில் ஓட்டையின் ஆயுள் விநாடியில் இல்லை, டேர்னில். காவலில்லாமல் நடந்து போகிற செட்லர்தான் (புது நகரம் ஊன்றப் போகிற ஆள்) அங்கே வழக்கமான பிழை, போர் அறிவித்துப் பிடித்தால் அது செட்லராகவே உங்கள் கைக்கு வரும் (ஐந்தாவது பதிப்பில் வேர்க்கராக மாறிவிடும்), அவனுக்கு அதற்குப் போட்ட புரொடக்‌ஷனும் நகரத்தில் ஒரு மக்கள்தொகையும் நட்டம், உங்களுக்கு ஒரு நகரம் இலவசம். அடுத்த டேர்னில் அவன் நகரத்தை ஊன்றிவிடுவான், ஆகவே இதில் காத்திருக்க ஒன்றுமில்லை. ஒரேயொரு கேள்வி, அந்த ஒரு நகரத்துக்காக இந்தப் பக்கத்து வீட்டுக்காரனோடு நீண்ட போர் உங்களுக்குக் கட்டுமா என்பதுதான்.

## அசந்தானா, ஆளே இல்லையா

கடைசியாக ஒன்று, கொழும்பில் விளையாடுகிறவர்களுக்கு இது தனி விஷயம். ஸ்கோர் அசையவில்லை, வில்லேஜரெல்லாம் சும்மா நிற்கிறார்கள், மதில் பாதியில் நிற்கிறது என்றால் அது கவனக்குறைவாக இல்லாமல் கரண்ட் போனதாகவும் இருக்கலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வெட்டினார்கள், அந்தக் காலத்தில் எதிராளி "அசந்தது" எல்லாம் பிழைக்கணக்கில் சேராது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க இருண்டபோது பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார், அன்றைக்கு யாருடைய மதில் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

தெரியாத ஆட்களோடு ரேங்க் ஆட்டம் என்றால் அடியுங்கள், அவன் வீட்டில் கரண்ட் இருக்கிறதா, அம்மா கூப்பிட்டாரா என்று விசாரிப்பது உங்கள் வேலையில்லை, அவனும் உங்களை விசாரிக்க மாட்டான். கூட்டாளிகளோடு என்றால் எஃப்3 அழுத்தி பாஸ் (இடைநிறுத்தம்) போட்டுவிட்டு ஒரு கோல் எடுங்கள். ஃபோனை எடுத்து "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன் மச்சான்" என்றால் பாஸை எடுத்துவிட்டு உள்ளே போகலாம், பாவம் பார்க்கத் தேவையில்லை. கரண்ட் இல்லை என்றால் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு வேறொரு நாள் அதே இடத்திலிருந்து தொடரலாம், அந்த வசதி கேமிலேயே இருக்கிறது. அன்றைக்கு அவன் முதல் வேலையாக மதிலைத்தான் அடைப்பான்.